தெற்குக் கொட்டகைக்கு அடிக்காத மணி

சென்னை
8.1.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தங்கை ஆஷிகா எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீயும் சபியுல்லா மச்சானும் தௌசிப்பும் ரசூல் பீவி மாமியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கவரைப் பார்த்ததுமே நினைத்திருப்பாய். உன் வீட்டுப் போன் பிரிட்ஜ் மேல் கிடக்கும். யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போடுவார்கள். உன் தீப்பெட்டி ஆபீஸில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான் கேட்கப் போவது ஸ்பீக்கரில் கேட்கிற விஷயம் இல்லை.

என் பி.எச்டி.க்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும், அதனால் வருகிற மூத்திரக் கடுப்பும்தான் தலைப்பு. சிரிக்காதே. கோவில்பட்டியில் நர்ஸாக இருந்த ஆறு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்தேன் தெரியுமா? கடுப்பு கிட்னி வரைக்கும் போன பிறகுதான் வருவார்கள். வந்தும் இடுப்பு வலி என்றுதான் சொல்வார்கள்.

உன் முதலாளியிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். உங்கள் ஆபீஸில் வடக்கும் தெற்குமாக இரண்டு கொட்டகை இருக்கிறதல்லவா? ஒன்றில் தண்ணீர்ப் பானை வைத்து, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடித்து, எல்லாரையும் பத்து நிமிடம் எழுப்பிவிடுவோம். இன்னொன்று இப்போது இருக்கிற மாதிரியே இருக்கும். ஆறு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வுமுறையில் இதைவிட உறுதியானது இல்லை என்கிறார் என் பேராசிரியர் முத்துமாரியம்மாள்.

இரண்டு கொட்டகையும் ஒரே மாதிரிதானா? எழுது. இன்னொன்றும் எழுது. உனக்கு இப்படித் தொந்தரவு ஏதும் உண்டா? என்னிடம் சொல்வதற்கென்ன.

வஸ்ஸலாம்.
உன் ஆஷிகா


கோவில்பட்டி
21.1.2024

அன்புத் தங்கை ஆஷிகாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லாரும் சுகம். மச்சானுக்குக் கடையில் வியாபாரம் மந்தம். மாமிக்கு முழங்கால் வலி. தௌசிப் பாலிடெக்னிக் போய்வருகிறான்.

கவரை உன் மச்சான்தான் வாங்கி வந்தார்கள். "என்னட்டி, ஒன் தங்கச்சிக்குப் போன் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

இரண்டு கொட்டகையும் ஒரே மாதிரிதான். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். வடக்கே நாற்பத்து நான்கு பேர், தெற்கே நாங்களும் நாற்பத்து நான்கு பேர். காலையில் உட்கார்ந்தால் குச்சியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்தால் பெட்டி எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். கக்கூஸ் இரண்டு இருக்கிறது, லாரி லோடு ஏற்றுகிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருத்திக்கு வந்தால் இரண்டு பேர் எண்ணிக்கை போகும். அதனால் வாயை நனைப்போம், அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்காருகிற சுடலையம்மாள் பதினோரு வருடமாகக் காலைக் காப்பியே குடிப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க உனக்கு பி.எச்டி. வேண்டுமா?

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒரு கொட்டகைக்குத் தண்ணீர் கொடுப்பாய். இன்னொரு கொட்டகை கடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை நீ நோட்டில் எழுதுவாய். இதற்குப் பெயர் படிப்பா? எந்தக் கொட்டகைக்கு எது என்று யார் முடிவு செய்வது? நீயா, உன் பேராசிரியரா, முதலாளியா?

அடுத்த கவரில் இதற்குப் பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவல் அனுப்புகிறேன்.

உன் லாத்தா,
நுஸைபா


சென்னை
10.2.2024

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். அவல் அனுப்பு. கோபத்தோடு அனுப்பினாலும் தின்பேன். மாமி முழங்காலுக்குத் தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டது நியாயம். நானும் பேராசிரியரிடம் இதையே கேட்டேன். ஒரே ஒரு நாள் வந்து எல்லாரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனால் என்ன? தண்ணீர் குடிக்காதவளுக்குக் கடுப்பு இருக்கிறது என்று தெரியும். ஆனால் குடிக்காததால் கடுப்பு வந்ததா, கடுப்பு எரிகிறதே என்று பயந்து குடிப்பதை விட்டாளா? எது முந்தியது என்று அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. சரி, எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று பார்க்கலாமா? சித்திரையில் கொடுக்கத் தொடங்கி ஐப்பசியில் குறைந்தால், முதலாளி என்ன சொல்வார்? வெயில் தணிந்தது, அதனால் குறைந்தது என்பார். பானையையும் எடுத்துவிடுவார். பக்கத்தில் பானை இல்லாத கொட்டகை ஒன்று இருந்தால்தான் அவர் வாயை அடைக்க முடியும்.

முடிவு செய்தது நானும் இல்லை, முதலாளியும் இல்லை. காசு சுண்டிப் போட்டோம். வடக்குக்கு மணி விழுந்தது. உன் தெற்குக் கொட்டகைக்கு விழவில்லை. சுண்டியது என் கைதான். மன்னித்துக்கொள்.

நோன்பு மாதத்தில் தொடங்க மாட்டோம். நோன்புக்காகக் குடிக்காதவளையும் வேலைக்காகக் குடிக்காதவளையும் அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. பெருநாள் கழித்துத் தொடங்குவோம். ஆறே மாதம், பிறகு உங்களுக்கும் வைக்கச் சொல்வேன்.

என் கடைசிக் கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை. மாமி முழங்காலை எழுதினாய், மச்சான் கடையை எழுதினாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

உன் ஆஷிகா


கோவில்பட்டி
5.5.2024

அன்புள்ள ஆஷிகாவுக்கு,

ஸலாம். இங்கே அனைவரும் நலம். பெருநாளைக்கு நீ போன் செய்தபோது நான் படுத்திருந்தேன். நோன்புக் களைப்பு, வேறொன்றும் இல்லை.

உன் ஆய்வு ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி தொடங்கியது. வடக்குக் கொட்டகையில் பானைகள் வைத்துள்ளார்கள். கக்கூஸுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்கள். மணி நேரத்துக்கு அடிக்கிறது. நீ அனுப்பிய பெண் வந்து எல்லாரிடமும் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகிறாள். எல்லாம் நல்ல முறையில் நடக்கிறது. கவலைப்படாதே. நன்றாகப் படி.

இப்படிக்கு,
நுஸைபா


சென்னை
2.8.2024

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமா என்று கேட்கக்கூட இன்று மனசு இல்லை. சுகமாக இருங்கள்.

"கவலைப்படாதே. நன்றாகப் படி." நீ இவ்வளவு மரியாதையாக எழுதியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து என்னிடம் நீ இப்படிப் பேசியதே இல்லை.

மூன்று மாதக் கணக்கு வந்துவிட்டது. வடக்குக் கொட்டகையில் கடுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. தெற்குக் கொட்டகையிலும் பாதியாகக் குறைந்திருக்கிறது. பானை இல்லை, மணி இல்லை, உங்களுக்கு எப்படிக் குறையும்? முத்துமாரியம்மாள் மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒப்பிட ஆளே இல்லாத ஒப்பீடு. உன் ஒன்றரை வருடப் படிப்பு வீண்" என்றார். இந்தக் கணக்கை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. உங்களுக்குக் குறைந்ததே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

என்ன செய்தீர்கள்? உண்மையை எழுது.

ஆஷிகா


கோவில்பட்டி
11.8.2024

ஏட்டி ஆஷிகா,

வ அலைக்கும் ஸலாம். எல்லாரும் சுகம்தான். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

என்ன செய்தோம் என்றா கேட்கிறாய்? எழுந்து நின்றோம்.

நடுவில் ஒற்றைச் சுவர்தான் என்று உனக்கு ஜனவரியிலேயே எழுதினேன். நீ படித்தாய், யோசிக்கவில்லை. அங்கே அடிக்கிற மணி எங்கள் மண்டைக்குள் அடித்தது. முதல் நாள் குனிந்துகொண்டே இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பத்து நான்கு பேர் எழுந்திருக்கிற சத்தம், சிரிப்புச் சத்தம், டம்ளர் சத்தம். இரண்டாம் நாளும் குனிந்து இருந்தோம். மூன்றாம் நாள் மணி அடித்ததும் என் வரிசையில் இருக்கிற தங்கமாரி எழுந்தாள். பிறகு நான் எழுந்தேன். பிறகு எல்லாரும்.

"ஏய், ஒங்களுக்கு மணி அடிக்கல, அது வடக்க உள்ளவியளுக்கு" என்று சூப்பர்வைசர் சக்திகுமார் கத்தினார்.

"காது எங்களுக்கும் இருக்குல்லா அண்ணாச்சி. கேட்டுட்டு, எந்திரிச்சிட்டோம்" என்றாள் தங்கமாரி.

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டிலில் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தோம். தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் இரண்டு கொட்டகைக்கும் பொதுதானே. நீ அனுப்பிய பெண் வந்து கேட்டபோது ஒருத்தியும் இதைச் சொல்லவில்லை. சொல்லாதீர்கள் என்று சொன்னது நான். உன்னிடம் மறைத்தது தப்பு. எழுந்து நின்றது தப்பில்லை, நூறு தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் கொட்டகையில் ஒருத்தி குளிர்காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தாள். கடுப்பு முற்றிப்போய் வந்த காய்ச்சல். நோன்புக் களைப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டாள். பெயர் எழுத மாட்டேன். அவளை ஆறு மாதம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொன்னாயே, நீ நர்ஸா இல்லையா?

உனக்கு இன்னொன்றும் சொல்கிறேன். உன் படிப்பு நின்றுவிட்டது என்று முதலாளிக்குத் தெரிந்த அன்றைக்கே மணியைக் கழற்றிவிட்டார். பானையும் போய்விட்டது. இப்போது யாராவது எழுந்தால் சக்திகுமார் பெயரைக் குறிக்கிறார். பழையபடி குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இதை நீ இப்படியே விட்டுவிட முடியாது.

நான் நடத்துகிற பாத்திரச் சீட்டு உனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர், மாதம் ஒரு குக்கர். மாதா மாதம் குலுக்குவதில்லை. முதல் நாளே எல்லாச் சீட்டையும் மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த மாதம் என்று எழுதி ஒட்டிவிடுவோம். ஒன்பது வருடத்தில் சண்டை வந்ததே இல்லை. கடைசி மாதம் விழுந்தவளும் வாயைத் திறக்க மாட்டாள். தனக்கும் உண்டு, இந்த மாதம் உண்டு என்று கையில் இருக்கிறது, அதனால் காத்திருப்பாள். நீ எங்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை. உனக்குக் கிடையாது, ஆனால் உட்கார்ந்திரு என்றாய். ஆறு மாதம் கழித்து முதலாளியிடம் சொல்வேன் என்றாயே, அதை நம்ப நாங்கள் என்ன பச்சைக் குழந்தையா?

குலுக்கிப் போட்டுத்தான் படிக்க வேண்டும் என்றால் எங்கள் மாதிரி குலுக்கு.

நுஸைபா


சென்னை
27.10.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டரை மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது.

நீ சொன்ன மாதிரி ஓர் ஆய்வுமுறை இருக்கிறது. எல்லாருக்கும் உண்டு, ஆனால் ஒரே நாளில் இல்லை. மாதத்துக்கு ஓர் இடமாக, குலுக்கிப் போட்ட வரிசையில் உள்ளே வருவார்கள். இன்னும் முறை வராதவர்களை முறை வந்தவர்களோடு ஒப்பிடலாம். கடைசி மாதத்தில் எல்லாருக்கும் மணி அடிக்கும். உலகத்தில் பலர் செய்திருக்கிறார்கள். இது எனக்கு முன்னமே தெரியும் லாத்தா. அதுதான் வெட்கம். ஆறு இடமாவது வேண்டும், கூடுதலாக ஒரு வருடம் ஆகும் என்று பயந்து ஒதுக்கிவிட்டேன். எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு, அதற்கு உறுதியானது என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மேடத்தோடு பெரிய வாக்குவாதம். "உன் அக்காவும் கூட்டாளிகளும் சொன்னார்கள் என்று ஆய்வுத் திட்டத்தை மாற்றுவாயா?" என்றார். ஆமாம் என்றேன். அவர்கள் எழுந்து நின்றது ஆய்வில் வந்த பிழை இல்லை, ஆய்வில் கிடைத்த முதல் விடை என்றேன். இந்தப் பதிலை யோசித்துப் பேசவில்லை, கோபத்தில் வந்தது. அவர் ஒரு வாரம் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டு, "ஆறு இடம் பிடித்துக்கொண்டு வா" என்றார்.

பிடித்துவிட்டேன். விளாத்திகுளம் ரோட்டில் இரண்டு ஆபீஸ், எட்டயபுரத்தில் ஒன்று, கோவில்பட்டியில் உன்னுடையதையும் சேர்த்து மூன்று. சுவரை வைத்து இரண்டாகப் பிரிப்பது இனி கிடையாது. ஓர் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே முறை. எந்த மாதம் யாருக்கு என்பதில் ஆறு முதலாளிகளிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். முடிந்த பிறகும் மணியைக் கழற்ற மாட்டோம் என்று அதிலேயே இருக்கிறது. குலுக்கலைக் கம்ப்யூட்டரில் போடலாம் என்றார் மேடம். பெண்கள் பார்க்கச் சம்படத்தில்தான் போட வேண்டும் என்று நின்றேன்.

காத்திருக்கிற மாதங்களில் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். முதலில் எல்லாருக்கும் பரிசோதனை உண்டு. நோய் தெரிந்தவளுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரித் தாள், மருந்து. அதற்கு முறையும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, குலுக்கிய வரிசையை யாருக்காகவும் மாற்றக் கூடாது. பாவம் என்று ஓர் ஆபீஸை முன்னால் கொண்டு வந்தால் எல்லாக் கணக்கும் கோணிப்போகும்.

அந்த ஒருத்தி யார், லாத்தா? பெருநாள் சமயத்தில் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் தௌசிப் எடுத்து, "உம்மா படுத்திருக்கு" என்றான்.

நீயா?

ஆஷிகா


கோவில்பட்டி
24.11.2024

அன்புள்ள ஆஷிகா,

வ அலைக்கும் ஸலாம். மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தது. ரோடெல்லாம் கரிசல் சேறு, மாமியின் செருப்பு ஒன்று அதில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை.

உன் ஆட்கள் வந்து எல்லாரிடமும் பரிசோதனைக்குச் சின்னப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனார்கள். கேள்வியை இந்தத் தடவை வாயால் கேட்கவில்லை. தாளைக் கொடுத்து, வீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், பெயர் வேண்டாம், நம்பர் போதும் என்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மட்டும் தனியறையில் வைத்து எழுதிக் கொடுத்தார்கள். அது நல்ல காரியம்.

நேற்று குலுக்கினோம். ஆறு ஆபீஸிலிருந்தும் ஐந்தைந்து பேர் எங்கள் கேட்டுக்கு முன்னால் மத்தியானம் கூடினார்கள். என் சீட்டுச் சம்படம்தான். எடுப்பதற்குப் பேபியை நிறுத்தினோம், வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, அவளுக்கு யாரும் வேண்டியவர்கள் இல்லை. முதல் சீட்டு விளாத்திகுளம் ரோடு ஆபீஸ் ஒன்றுக்கு விழுந்தது. அவர்கள் போட்ட குலவையில் லோடு ஏற்றியவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் ஐந்தாவது. மே மாதம்.

"மணியை முதமுத கேட்டவிய நாமதான, நமக்கா அஞ்சாவது? மாத்தச் சொல்லுட்டி ஒன் தங்கச்சிய" என்று சுடலையம்மாள் என் மேல் பாய்ந்தாள்.

"சம்படத்துல வந்தத மாத்தினா நாளைக்கு எவ எங்கிட்ட சீட்டுப் போடுவா? அஞ்சாவதுன்னா அஞ்சாவது" என்றேன். வரிசையை எழுதிக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று. முதலாளியும் நின்று படித்துவிட்டுப் போனார்.

நான் சுகம். கேட்டதையே கேட்காதே.

நுஸைபா


சென்னை
8.12.2024

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகம் என்று எழுதியதை இனி நம்ப மாட்டேன். நீ சுகமாக வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன்.

ஆறு ஆபீஸின் தாள்களும் என் மேசையில் இருக்கின்றன. கோடையில் வாயால் கேட்டபோது உங்கள் கொட்டகையில் கடுப்பு உண்டு என்று சொன்னவர்கள் ஆறு பேர். இப்போது தாளில் எழுதியவர்கள் இருபத்தைந்து பேர். ஒன்று அந்த ஆறு பொய், அல்லது மணியைக் கழற்றிய பிறகு இவ்வளவு ஏறியிருக்கிறது. இரண்டும் நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் ஆபீஸ் தாள்களில் 5-31 என்று நம்பர் போட்ட ஒரு தாள். வயது நாற்பத்து மூன்று. வேலையில் பத்தொன்பது வருடம். இந்தத் தொந்தரவு எத்தனை வருடம் என்பதற்கு ஆறு என்று எழுதியிருக்கிறாள். யாரிடம் சொன்னீர்கள் என்பதற்கு, யாரிடமும் இல்லை. காய்ச்சல், குளிர், விலாப் பக்கம் வலி எல்லாம் எழுதியிருக்கிறாள். அவளுடைய பாட்டிலில் சீழ் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் ஆஸ்பத்திரித் தாள் கொடுத்தது பதினான்கு பேருக்கு. பதின்மூன்று பேர் போய் மருந்து வாங்கிவிட்டார்கள். போகாதவள் 5-31 ஒருத்திதான்.

பெயர் தெரியக் கூடாது என்றுதான் நம்பர் போட்டேன். ஆனால் ஒரு வருடமாக உன் கவரைப் பிரித்துப் பிரித்து எனக்கு உன் கையெழுத்து மனப்பாடம் ஆகிவிட்டது லாத்தா. தாளை எடுத்த உடனே தெரிந்துவிட்டது. தாளை வைத்துவிட்டு ஹாஸ்டல் மாடியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். ஆய்வுக் கணக்கில் ஏற்றுவதற்காக, எந்த ஆபீஸுக்கு எந்த மாதம் என்கிற பட்டியல் என்னிடம்தான் வந்தது. மேடம் ஊரில் இல்லை. ஐந்தை ஒன்றாக்கிவிட்டு, ஒட்டிய தாளில் தவறு என்று ஒரு போன் செய்தால் போதும். ஜனவரியிலேயே உனக்கு மணி அடிக்கும். பேனாவைத் திறந்துவிட்டேன். பிறகு மூடினேன். மூடியதில் இருந்து தூக்கம் இல்லை. நீ ஒரு வார்த்தை சொல். மாற்றிவிடுகிறேன், படிப்பு போனால் போகட்டும்.

எதைச் செய்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. கிட்னி போனால் திரும்பி வராது. இதை நர்ஸாகச் சொல்லவில்லை.

உன் ஆஷிகா


கோவில்பட்டி
20.12.2024

என் தங்கமே ஆஷிகாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இந்தத் தடவை முதலில் என் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூத்திரப் பையில் சீழ். ஆறு வருடமாக இருக்கிறது. நோன்பில் கிடந்தது நான்தான். பகலில் தண்ணீர் குடிக்காததற்கு அந்த மாதம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்று அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

பட்டியலில் கை வைத்தாயோ, உன் முகத்தில் விழிக்க மாட்டேன். எனக்காக ஒரு சீட்டை மாற்றிவிட்டால், முதல் மாதம் விழுந்து குலவை போட்டார்களே, அவர்களிடம் போய் நீ என்ன சொல்வாய்? முதலாளிமார் ஆறு பேரும் இதற்குத்தான் காத்திருக்கிறார்கள். ஒரு கோணல் தெரிந்தால் போதும், எல்லாமே கோணல் என்று சொல்லி மணியைக் கழற்றுவார்கள். ஆபீஸுக்கு ஐந்தாவது முறை. அது அப்படியே இருக்கட்டும்.

என் உடம்புக்கு ஐந்தாவது முறை இல்லை. அதை உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் முடிவு செய்தேன்.

கவரை உன் மச்சான் கொண்டு வந்து கொடுத்துவிட்டு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மாமி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். தௌசிப் கட்டிலில் படுத்திருந்தான். நான் நின்றுகொண்டே படித்து முடித்தேன்.

"ஒரு வருசமா கவரு வருது. அப்படி என்னத்தத்தான் எழுதுதா ஒன் தங்கச்சி?" என்று உன் மச்சான் கேட்டார்கள்.

"எனக்கு மூத்திரத்துல சீழ் போவுதாம், அதத்தான் எழுதுதா" என்றேன்.

தௌசிப் எழுந்து டி.வி.யை நிறுத்தினான். உன் மச்சான் என் பக்கம் திரும்பினார்கள். "எத்தன நாளா?" என்றார்கள். ஆறு வருடம் என்றதும், "எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?" என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு வருடமாக மூடிக்கொண்டு இருந்தேனே என்று என் மேலேயே கோபம். மாமி பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும்தான் இருந்துச்சு. நான் ஆருகிட்டப் போய்ச் சொன்னேன்?" என்றார்கள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு உன் மச்சானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னி போகவில்லை. இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டிருந்தால் போயிருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு எழுந்தேன். சக்திகுமார் நோட்டை எடுத்தார்.

"மணி மே மாசந்தான் நுஸைபா. ஒட்டியிருக்கத நீங்களே படிச்சியள்லா?"

"மணி ஆபீசுக்கு, அண்ணாச்சி. அது மே மாசம் வரட்டும். எனக்கு மூத்திரப் பையில சீழு. மணிக்கு ஒரு தடவ எந்திரிப்பேன், டாக்டர் எழுதியிருக்காரு. நீங்களும் எழுதிக்கிடுங்க" என்றேன். நாற்பத்து மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். வடக்குக் கொட்டகைக்கும் கேட்டிருக்கும், ஒற்றைச் சுவர்தானே.

அவர் என் பெயரைக் குறித்தார். அதற்குள் தங்கமாரி இடுப்பில் செருகி வைத்திருந்த ஆஸ்பத்திரித் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுடலையம்மாள் எழுந்தாள். அந்தத் தாள் வாங்கிய பதினான்கு பேரில் தெற்கே ஒன்பது பேர் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். ஒன்பது பெயரையும் எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தார். அதன் பிறகு அவர் அதைத் திறக்கவில்லை. மற்றவர்கள் எழவில்லை, நாங்கள் மேயில் எழுவோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் தேதி கையில் இருக்கிறது.

இதனால் உன் கணக்கு கெடுமா என்று எனக்குத் தெரியாது. நோய் தெரிந்தவளுக்கு முறையும் இல்லை, குலுக்கலும் இல்லை என்று எழுதியது நீதான். நீ எழுதியதைத்தான் செய்திருக்கிறோம். 5-31 மருந்து வாங்கிவிட்டாள் என்று குறித்துக்கொள். பெயர் போட வேண்டும் என்றாலும் போடு, நுஸைபா, சபியுல்லா வீடு, கோவில்பட்டி.

இனிமேல் கவர் வாங்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். போன் செய், என் உடம்பைப் பற்றி எல்லாக் கேள்வியையும் கேள். ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

உன் லாத்தா,
நுஸைபா